எண்ணூறு பிக்சலுக்கு வெளியே ஒரு பட்டன்

1. மாடியேறி வந்தவர்கள்

மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த நேரத்தில், காதர் பாய் மூச்சு வாங்க எங்கள் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தார். அவர் பின்னால் ஒரு பெண். முப்பதை நெருங்கும் வயது. சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. செல்போனில் பேசலாம், மெசேஜ் அனுப்பலாம், அவ்வளவுதான். இணையம் வேண்டுமென்றால் பிரவுசிங் சென்டருக்குத்தான் போகவேண்டும். காதர் பாய் பக்கத்து ஐயம்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அப்படி ஒரு கடை வைத்திருந்தார். எல்லாமே யாரோ கழித்துப்போட்டதை வாங்கிச் சரிசெய்த கம்ப்யூட்டர்கள். பின்பக்கம் பெட்டிபோலத் துருத்திக்கொண்டிருக்கும் பதினான்கு அங்குல மானிட்டர்கள். நான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த வெப் டிசைன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் சின்ன காஞ்சிபுரத்துக்கே திரும்பிவிட்டேன்.

“சுதாம்மா, உங்க ஆபீஸ்ல போட்ட நர்சிங் ஸ்கூல் வெப்சைட்ல சப்மிட் பட்டனே இல்லமா,” என்றார் காதர் பாய். “நம்ம கடையில தினம் வந்து உக்காந்துக்கினு மொத்தமும் ஃபில்லப் பண்றாங்க. கடைசில அனுப்ப வழியில்லாம எழுந்து போறாங்க. நானும் பாத்துட்டேன், எங்கயும் இல்ல.”

ஊருக்கு வெளியே ஒரு டிரஸ்ட் நடத்திய நர்சிங் பயிற்சிப் பள்ளி அது. அந்த வருடம் முதல் விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான், காகிதத்தில் வாங்கமாட்டோம் என்று அறிவித்திருந்தார்கள். மறுநாள் மாலையோடு கடைசி. அந்த இணையப் பக்கத்தைச் செய்தவர் எங்கள் முதலாளி மோகன் சார். நான் சேர்வதற்கு முன்பே செய்து கொடுத்துவிட்டார்.

கூட வந்தவர் பெயர் கஸ்தூரி. பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து வருகிறார். காஞ்சிபுரத்துக்குள் ஒரு நர்சிங் ஹோமில் பல வருடமாக வார்டு வேலை. நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைத்துவிடுவது, பெட்ஷீட் மாற்றுவது எல்லாம் அவர்தான். பிளஸ் டூ முடித்தவர். முறையாகப் படித்து நர்ஸ் ஆகவேண்டும் என்று காத்திருந்தவர். பள்ளியில் வயது வரம்பு உண்டு.

“இந்த வருசம் விட்டா எனக்கு வயசு தாண்டிடும்மா,” என்றார். “இன்னிக்கு டூட்டியை வேற ஒருத்தர்கிட்ட மாத்திக் குடுத்துட்டு வந்திருக்கேன்.”

மோகன் சார் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருவரையும் உள்ளே அழைத்துத் தன் புதிய தட்டை மானிட்டரைத் திருப்பிக் காட்டினார். “இதோ கண்ணுக்கு முன்னாடி இருக்குதே பட்டன். உங்க மானிட்டர் செட்டிங்ல அகலத்தை ஆயிரத்து இருபத்திநாலு பிக்சலுக்கு மாத்துங்க பாய், வந்துடும்.”

மாற்றிப் பார்த்ததாகவும், திரை நடுங்குவதாகவும், இரண்டு கம்ப்யூட்டரில் அந்த வசதியே இல்லை என்றும் காதர் பாய் பொறுமையாகச் சொன்னார்.

“அப்ப மானிட்டரை மாத்துங்க,” என்றார் மோகன் சார்.

என் கோபம் அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது. இன்னும் முழுசாக அடங்கவில்லை.

கஸ்தூரியை என் நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பச் சொன்னேன். என் மானிட்டர் ஓரளவு பெரியது. பட்டன் தெரிந்தது. அழுத்தினார். விண்ணப்ப எண் வந்ததும் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து நின்று தயங்கினார்.

“பாய் கடைல எனக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு அழுதுக்கினே எழுந்து போச்சும்மா. தேடிப் பாத்து அதையும் இங்க இட்டுக்கினு வரவா?”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மோகன் சாரின் குரல் வந்தது. “இது ஆபீஸ்மா. நெட் சென்டர் இல்ல.”

2. மோகன் சாரின் பக்கம்

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பக்கத்தை இடத்துக்கேற்ப அடுக்க உங்களுக்கு கிரிட் இருக்கிறது, ஃப்ளெக்ஸ்பாக்ஸ் இருக்கிறது. மீடியா குவெரி எழுதினால் போனுக்கு ஒரு அமைப்பு, கம்ப்யூட்டருக்கு ஒரு அமைப்பு. கிளாம்ப் என்று ஒரே வரி போட்டால் எழுத்து திரைக்கேற்பத் தானே பெரிதாகிச் சிறிதாகிறது. கன்டெய்னர் குவெரி வந்த பிறகு, ஒரு சின்னப் பெட்டிகூடத் தனக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்கிறது. எங்களுக்கு இவை எதுவும் இல்லை. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மொழியில், இவ்வளவு அகலத்தைத் தாண்டாதே என்று சொல்லும் மேக்ஸ்-விட்த் ஒன்று எழுதியிருந்தது. ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு மேல் பயன்படுத்திய பிரவுசர் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது.

அதனால்தான் அந்தப் பட்டன் காணாமல் போனது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எந்த சி.எஸ்.எஸ்.ஸும் போடாமல் பக்கத்தின் எலும்புக்கூடான வெறும் எச்.டி.எம்.எல்.லில் ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த அகலத் திரையிலும் அது தானாக மடங்கி உட்காரும். முதல் நாளிலிருந்து அப்படித்தான். அதைக் கெடுக்க ஒரு மனிதர் மெனக்கெட்டு வேலை செய்யவேண்டும்.

மோகன் சார் மெனக்கெட்டிருந்தார். பக்கம் முழுவதையும் ஆயிரம் பிக்சல், அதாவது ஆயிரம் திரைப்புள்ளி, அகலமுள்ள மாறாத டேபிள் கட்டத்துக்குள் அடைத்திருந்தார். இடமும் வலமும் பட்டுச்சேலையின் கோர்வை பார்டர் படம். அப்போது எங்கள் ஊரில் எந்த வெப்சைட்டுக்கும், அது பல் டாக்டருடையதாக இருந்தாலும், பார்டரும் கோபுரமும் வைத்தே தீருவார்கள். சப்மிட் பட்டனை உண்மையான பட்டனாக வைக்காமல், ஜரிகை நிறத்தில் ஒரு படமாக வரைந்து வலது ஓரத்து பார்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். படம் என்பதால் என்டர் தட்டினாலும் போகாது, டேப் கீயை அழுத்திக்கொண்டே போனாலும் அதில் போய் நிற்காது. காதர் பாய் கடையில் இருந்தமாதிரி எண்ணூறு பிக்சல் மானிட்டரில் அந்தப் படம் திரைக்கு வெளியே போய்விடும்.

வெளியே போனாலும் கீழே ஒரு ஸ்க்ரோல் பார் வந்திருக்கும். அதை நகர்த்தி மக்கள் எப்படியாவது பட்டனைப் பிடித்திருப்பார்கள். ஸ்க்ரோல் பார் அசிங்கமாக இருக்கிறது என்று அகலத்தில் மிஞ்சுவதை மறைத்துவிடு என்கிற ஓவர்ஃப்ளோ ஹிட்டன் வரியைப் போட்டு அதையும் எடுத்துவிட்டார். அந்த ஒரு வரியை நான் கோடில் பார்த்தபோது, அறையின் கதவை வெளியே தாழிட்டதைப் பார்த்தமாதிரி இருந்தது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில், இதை இன்ன பிரவுசரில் இன்ன அகலத்தில் பார்த்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வாக்கியம். அதுவும் ஆங்கிலத்தில்.

மோகன் சார் கெட்டவர் இல்லை. என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேட்காமலேயே விடுப்புக் கொடுத்தவர். ஆனால் தான் வரைந்த படத்தில் கைவைக்க விடமாட்டார். நான் ஒரு மணி நேரம் கொடுங்கள், சரிசெய்து ஏற்றிவிடுகிறேன் என்றேன். கிளையன்ட் பார்த்து ஓகே சொன்ன டிசைன், இப்போது மாற்றினால் நாமே தப்பை ஒத்துக்கொண்டமாதிரி ஆகும் என்றார். வந்தது ஒரு புகார், அதையும் தீர்த்தாயிற்று, பிறகென்ன என்றார்.

வராத புகார்கள் எத்தனை என்று கேட்டேன்.

“வராததை எல்லாம் கணக்குல எடுத்துக்கினா பொழைக்க முடியாதும்மா,” என்றார்.

அப்படியானால் நானே பள்ளிக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். போனால் இந்த மாடிப்படியைத் திரும்ப ஏறவேண்டாம் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காதர் பாய் கடையைத் திறக்கப் போகவேண்டியிருந்தது. கஸ்தூரி மட்டும் தானும் வருவதாகச் சொல்லி என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். இவர் வேலைதான் முடிந்துவிட்டதே, பிறகு ஏன் வருகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

3. செயலாளர் அறை

பள்ளியின் செயலாளர் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். எங்களை உட்காரச் சொன்னார். மோகன் அலுவலகத்திலிருந்து என்றதும் முகம் மலர்ந்தது. வெப்சைட்டைப் பார்த்த டிரஸ்டிகள் எல்லாரும் பாராட்டியதாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். தன் மானிட்டரை எட்டிப் பார்த்தார்.

“இங்க நல்லாத்தானம்மா தெரியுது?”

அனுமதி கேட்டு மவுஸை வாங்கினேன். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, செட்டிங்கில் திரையின் அகலத்தை மாற்றும் சின்னக் குமிழை எண்ணூறுக்கு நகர்த்தினேன். திரை ஒருமுறை கறுத்து மீண்டும் வந்தது. எழுத்தெல்லாம் பெரிதாகியிருந்தது. இதுதான் சார் பிரவுசிங் சென்டரில் தெரிவது, இப்போது சப்மிட் பண்ணுங்கள் என்று மவுஸை அவரிடமே கொடுத்தேன்.

அவர் தேடினார். மேலே போனார், கீழே போனார். வலது ஓரத்தில் மவுஸை வைத்துத் தள்ளிப் பார்த்தார். அம்புக்குறி கீயை அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

நான் நினைத்தது, மனிதர் இப்போது பதறுவார் என்று. அவர் சொன்னது இது:

“ஒரு பட்டனைக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்க நாளைக்கு ஊசி எப்படிம்மா போடுவாங்க? இதுவும் ஒரு வடிகட்டல்னு வெச்சுக்குவோமே.”

எனக்கு என்ன சொல்வது என்று வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்த கஸ்தூரிதான் பேசினார். சத்தம் போடவில்லை.

“இருந்தா கண்டுபுடிப்போம் சார். நீங்களும் இவ்ளோ நேரம் தேடினீங்களே, கெடைச்சிதா?”

செயலாளரின் முகம் இறுகியது. யார் இவர் என்று என்னைக் கேட்டார். விண்ணப்பித்தவர் என்றேன். பெயர் என்ன என்று கேட்டு ஒரு பேனாவை எடுத்தார். நான் வேண்டாம் என்பதுபோல் கஸ்தூரியின் கையைத் தொட்டேன். அவர் பொருட்படுத்தாமல் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். விண்ணப்ப எண்ணை உள்ளங்கையைப் பார்த்து வாசித்தார். இந்த வருடத்தை விட்டால் அவருக்கு வேறு வருடம் கிடையாது. செயலாளர் மூன்றையும் குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். செயலாளர் கிளார்க்கைக் கூப்பிட்டு இதுவரை எத்தனை விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கேட்டார். அவர் சொன்ன எண்ணிக்கை இருக்கிற சீட்டுகளைவிடக் குறைவு. செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மோகன் சாருக்குப் போன் போட்டார். நான்கைந்து நாளாக வடிகட்டல் நடந்தபோது வராத அவசரம், சீட் காலியாக இருக்கும் என்றதும் வந்துவிட்டது. கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளிவைப்பதாகவும், காலைக்குள் பக்கம் சரியாக வேண்டும் என்றும் போனில் அதட்டினார்.

வெளியே வந்ததும் கஸ்தூரியிடம், ஏன் பெயரைச் சொன்னீர்கள், இன்டர்வியூவில் இவரும் உட்காருவாரே என்று கேட்டேன். கேட்டால் சொல்லத்தானே வேண்டும், பொய்யா சொல்வது என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

4. சரிசெய்தது

நான் திரும்பி மாடியேறியபோது மோகன் சார் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. “பார்டரை மட்டும் எடுத்துடாதே,” என்றார்.

பார்டரை எடுக்கவில்லை. அதைப் பின்னணிப் படமாக மாற்றினேன். திரை சிறிதானால் வெட்டுப்படப்போவது பார்டர்தான். ஆயிரம் பிக்சலை அழித்துவிட்டு எல்லா அகலத்தையும் சதவீதத்தில் எழுதினேன். ஓவர்ஃப்ளோ வரியைத் தூக்கினேன். ஜரிகைப் படத்தை எறிந்துவிட்டு, எச்.டி.எம்.எல். தருகிற சாதாரணச் சாம்பல் நிறப் பட்டனை, கடைசிக் கேள்விக்கு நேர் கீழே, இடது பக்கமாக வைத்தேன். அழகாக இல்லைதான். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. அவ்வளவு சின்ன வேலை. அதற்காகத்தான் அத்தனை பேரை அலையவிட்டிருந்தோம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஐயம்பேட்டை போய்க் காதர் பாய் கடையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் திறந்து பார்த்தேன். பாயே ஒன்றில் உட்கார்ந்து, பட்டன் மீது மவுஸை வைத்து, “இப்ப தெரியுதுமா,” என்றார்.

தேதி தள்ளிப்போன செய்தியைப் பள்ளி எங்கே போட்டது தெரியுமா? அதே வெப்சைட்டில். பட்டன் இல்லை என்று கைவிட்டுப் போனவர்கள் எதற்கு மறுபடி அங்கே வந்து பார்க்கப்போகிறார்கள்? பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள் என்று கேட்டேன். தேவையில்லை என்றுவிட்டார்கள். நானும் காதர் பாயும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ரயில் நிலையப் பக்கமும் சின்ன காஞ்சிபுரத்திலும் இருந்த நெட் கடைகளில் ஒட்டினோம். கஸ்தூரி தாமலில் தெரிந்தவர்களிடம் சொன்னார்.

சிலர் வந்தார்கள். காதர் பாய் கடையில் அழுதுகொண்டே எழுந்து போன பெண் வரவில்லை. வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகப் பாய் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. பெயர்கூடத் தெரியாது.

5. அதன் பிறகு

கஸ்தூரிக்கு இன்டர்வியூ வந்தது. செயலாளரும் இருந்தார். அன்றைக்கு வந்தது நீதானே என்று அவர் கேட்டதாகவும், ஆமாம் சார் என்று இவர் சொன்னதாகவும், பக்கத்தில் இருந்த ஒரு லேடி டாக்டர் வார்டு வேலையைப் பற்றியே நிறைய கேட்டதாகவும் கஸ்தூரி பிறகு என்னிடம் சொன்னார். இடம் கிடைத்தது. படித்து முடித்து நர்ஸ் ஆனார். அந்த அறையில் எனக்கு வராத வார்த்தை அவருக்கு எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“வார்டுல இருக்கிறவங்கள டாக்டருங்க இப்படித்தாம்மா பேசுவாங்க, எழுந்து நடக்கத் தெரியாதான்னு. பாத்துக்கினே இருந்தவ நானு. எனக்கு மட்டும் பட்டன் கெடைச்சா போதும்னு போக மனசு வரல,” என்றார்.

மோகன் சார் தப்பு என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்த பட்டுக்கடைக்காரர்களிடம் அதே பக்கத்தைத் திறந்து காட்டி, எந்த மானிட்டரிலும் வருகிறமாதிரி தான் செய்ததாகச் சொன்னார். நான் அறைக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்துச் செய்த வெப்சைட்டில் மறுபடி ஆயிரம் பிக்சல் டேபிள் போட்டார். அந்தத் தீபாவளிக்கு முன் நான் வேலையை விட்டேன். தனியாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்ததும் அப்போதுதான்.

இவ்வளவு வருடம் கழித்து எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் ஆபீஸிலேயே இது நடந்தது. ஒரு பையன் ஆஸ்பத்திரி டோக்கன் எடுக்கும் பக்கம் செய்தான். கிரிட், கன்டெய்னர் குவெரி எல்லாம் கச்சிதமாகப் போட்டிருந்தான். என் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துத் திறந்தேன். டோக்கன் பட்டன் கீழே போய் ஒரு பேனருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இவ்வளவு பெரிய எழுத்து யார் மேடம் வைப்பார்கள், வந்துபோனவர்களின் கணக்கு வைக்கும் அனலிட்டிக்ஸில் அப்படி யாரும் இந்தப் பட்டனை அழுத்தியதாகவே இல்லையே என்றான்.

கண் மங்கியவர்கள் வைப்பார்கள், அவர்கள்தான் ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பிறகு அவனை உட்காரவைத்து இந்தக் கதையைச் சொன்னேன்.

சி.எஸ்.எஸ்.ஸில் வருடா வருடம் புதிதாக ஏதாவது வரும். கற்றுக்கொள்ளுங்கள். நானும் இந்த வயதில் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அழுத்தியவர்களைத்தான் சர்வர் எழுதி வைக்கும். அழுத்தமுடியாமல் எழுந்து போனவர் ஏன் போனார் என்று அதில் ஒரு வரியும் இருக்காது. புகார் வரவில்லை என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். கடையில் கிடைப்பதிலேயே மலிவான போனை வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, பக்கத்தின் கடைசிவரை போய், அந்தப் பட்டனை நீங்களே ஒருமுறை அழுத்திவிட்டு வந்து சொல்லுங்கள்.